கவிதை நூல் இலக்கியம் கற்பிக்கும் தகுதியாகுமா?

கேள்வி
எழுதியவர்: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆனி மாதம் முதல் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் தமிழ்த் துறை உதவிப் பேராசிரியராகப் பணியாற்றி வருகிறேன். முதுகலை முடித்து, நெட் தேர்விலும் தேறியிருப்பதால் விதிப்படி எனக்குத் தகுதி உண்டு. ஆயினும் வேலை கிடைத்தது அதனால் அன்று என்பதை நான் அறிவேன். நேர்காணலில் என்னுடைய இரண்டு கவிதைத் தொகுப்புகளைத்தான் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு கவிதையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடித்ததும் தாளாளர் கைதட்டினார். இலக்கியத்தைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. எனக்கு முன்னால் உள்ளே சென்று வந்தவர் அகநானூற்றில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். வெளியே மர விசுப்பலகையில் காத்திருந்த நேரத்தில், அந்நூலின் முதல் 90 பாடல்களுக்கு மட்டுமே பழைய உரை கிடைக்கிறது என்பதையும், அதற்கு மேல் ஒவ்வொரு பாடலுக்கும் தாம் பட்ட பாட்டையும் அவர் எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் குறுந்தொகையின் 40ஆம் பாடலை நடத்தினேன். 'செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்ற அடிகளை நான் பள்ளி நாள் முதல் மனப்பாடமாக அறிவேன்; என் முதல் தொகுப்பிலேயே செம்மண்ணும் மழையும் வரும் கவிதை ஒன்று உண்டு. முக்கால் மணி நேரம் உவமையின் அழகைப் பேசினேன். மாணவர்களும் லயித்துக் கேட்டார்கள். மணி அடிக்கும் தறுவாயில் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார், அம்மா? நெஞ்சம்தான் கலந்துவிட்டதே, பிறகு அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை என்ன?" என்று கேட்டாள். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்வதாகக் கொள்ளலாம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு உரையை எடுத்துப் பார்த்தால், பாடலின் கீழே துறைக் குறிப்பு தெளிவாக இருக்கிறது: கூடிய பின்னர், இவர் நம்மைப் பிரிந்துவிடுவாரோ என்று தலைவி அஞ்ச, அவளுடைய குறிப்பில் தோன்றிய வேறுபாட்டைக் கண்டு தலைவன் கூறியது. நான் திருமண அழைப்பிதழில் அச்சிடும் வாழ்த்தைப் போல நடத்திய பாடல், உண்மையில் அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணைத் தேற்றுவதற்காகச் சொல்லப்பட்டது. அந்த மாணவி கேட்டது பாடலின் உயிரான கேள்வி. அதற்கான விடை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கல்லூரி அறிவிப்புகளில் என் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று போடுகிறார்கள். கவிதைப் போட்டிகளுக்கு நடுவராக அழைக்கிறார்கள். கவிதை எழுதுபவர் இலக்கியம் அறிந்தவராகத்தான் இருப்பார் என்று நம் ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கவிதை நூலை இலக்கியப் புலமைக்குச் சான்றாகக் கொள்வது சரியா? இதற்கு முன் நம் மரபில் இதை எப்படி அளந்தார்கள்? கற்றோர் யாராவது எனக்கு விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குடந்தை

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இதைப் போன்ற ஒரு சங்கடம் 1880இல் எங்கள் ஊரிலேயே நிகழ்ந்திருக்கிறது; நிகழ்ந்தது உ. வே. சாமிநாதையருக்கு.

அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பிள்ளையவர்கள் தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அந்தாதிகளையும் ஆற்றொழுக்காகப் பாடிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதிச் சென்ற காலம் அது. அக்காலத்தில் புலவர் என்றால் செய்யுள் இயற்ற வல்லவர் என்றே பொருள். ஒரு நூலை இயற்றினால் அவையில் அரங்கேற்ற வேண்டும். மற்றப் புலவர்கள் சிறப்புப் பாயிரம் பாடித் தர வேண்டும். சான்றிதழ் என்றால் அதுதான். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்தார். கல்லூரி ஆசிரியர்கள் அவரைப் பாடல்களுக்குப் பொருள் சொல்லச் செய்ததோடு, அங்கேயே ஒரு செய்யுளும் இயற்றச் சொல்லிச் சோதித்தார்கள். அவர் அதில் தேறி, 1880 பிப்ரவரியில் வேலையில் சேர்ந்தார். உங்களிடம் கவிதை வாசிக்கச் சொன்னார்களே, அந்த வழக்கத்துக்கு இவ்வளவு வயது இருக்கிறது. ஒரு வேறுபாடும் இருக்கிறது: அவரிடம் பொருளும் கேட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில், சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். ஐயர் அவரைக் காணச் சென்றபோது, என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று தாம் பாடம் கேட்டவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். முதலியாருடைய முகத்தில் ஒரு வியப்பும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. செய்யுள் பாடிக் காட்டி வேலை பெற்ற ஒரு கல்லூரிப் பண்டிதர், நீதித் துறையில் இருந்த ஓர் அதிகாரியிடம் அப்படி நின்றார். அதை அவர் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதினார் என்பதுதான் எனக்கு அவரிடம் பெருமதிப்பை உண்டாக்கியது.

அதன் பிறகு நிகழ்ந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதலியார் கொடுத்த சிந்தாமணியை எடுத்துப் படித்தால், சமண சமயக் கருத்துகள் வரும் இடங்கள் விளங்கவில்லை. தமக்குத் தெரிந்த எந்தப் புலவராலும் விளக்க முடியவில்லை. இவ்வூரிலேயே வாழ்ந்த ஜைனர்களைத் தேடிச் சென்றார். அவர் சென்ற நாளில் ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கட்டிக் கோலம் இட்டிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதங்களாக அவ்வீட்டில் வாசித்து வந்த சிந்தாமணி அன்றைக்குத்தான் நிறைவெய்தியது என்றார்கள்! ஆதீனத்திலும் கல்லூரியிலும் விளங்காத நூல், அந்தத் தெருவில் இல்லறத்தார் கூடியிருந்து கேட்கும் நூலாக இருந்தது. அவர்களிடம் கேட்டுத் தெளிந்துதான் 1887இல் அவர் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அந்நூலைப் பொறுத்தவரை புலமை யாரிடம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் யாரும் செய்யுள் இயற்றி அரங்கேற்றியதால் அதை அறிந்தவர்கள் அல்லர். வழிவழியாகப் படித்து வந்ததால் அறிந்தவர்கள்.

ஆசிரியருக்கு என்ன வேண்டும் என்று நன்னூல் சொல்கிறது. 'கலைபயில் தெளிவு கட்டுரை வன்மை' என்று அதில் ஓர் அடி. கற்ற நூல்களில் தெளிவும், அதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றலும் வேண்டும் என்கிறது. பொறுமைக்கு நிலத்தையும், நடுநிலைக்குத் துலாக்கோலையும் உவமையாகக் காட்டுகிறது. செய்யுள் இயற்ற வேண்டும் என்று அந்தச் சூத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. நம் உரையாசிரியர்களையும் நினைத்துப் பாருங்கள். சேனாவரையர், பரிமேலழகர், நச்சினார்க்கினியர் ஆகியோரை நாம் அவர்கள் பாடிய காவியங்களுக்காகவா நினைக்கிறோம்?

ஆகவே என் கருத்து இது: கவிதை நூல் கவிதைக்குச் சான்று. புலமைக்குச் சான்று வேறு. அதைப் படிக்க வைத்துத்தான் பார்க்க முடியும்.

மறுமொழி 2
எழுதியவர்: மெய்ப்புத் திருத்துநர்

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நானும் கவிதை எழுதுகிறேன். ஓர் அச்சகத்தில் 17 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். அந்த இடத்திலிருந்து இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, இன்று கவிதைத் தொகுப்பு எப்படி வெளிவருகிறது என்பது. என் மேசைக்கு வரும் தொகுப்புகளில் பாதிக்கு மேல் எழுதியவரே பணம் கட்டி அச்சிடுபவை. 300 படிகள் அடிப்பார்கள். சில வேளை 50 மட்டும். ஐ.எஸ்.பி.என். எண் இருக்கும், அட்டையில் ஓவியம் இருக்கும், இரண்டு அணிந்துரைகள் இருக்கும். அந்த அணிந்துரைகளை எழுதியவர் கவிதைகளைப் படித்திருக்கவே மாட்டார் என்பது மெய்ப்புப் பார்க்கும்போது வெளிப்பட்டுவிடும். தொகுப்பில் இல்லாத கவிதையைப் பாராட்டியிருந்த அணிந்துரை ஒன்றை நானே சுட்டிக்காட்டித் திருத்தச் செய்திருக்கிறேன். பழைய சிறப்புப் பாயிரத்தின் வழித்தோன்றல்தான் அணிந்துரை. ஆனால் அரங்கேற்றத்தில் எதிரே இருந்தவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்பார்கள். அது போய், பாராட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகையால் ஒரு நூல் வந்திருக்கிறது என்ற ஒன்றை வைத்து நேர்காணலில் மதிப்பெண் போடுவது, எழுதுகிறவர்களுக்கும் நல்லதில்லை. வேலைக்காகத் தொகுப்புப் போடுகிறேன், மூன்று வாரத்துக்குள் வேண்டும் என்று சொல்லி வருகிறவர்களைப் பார்க்கிறேன்; மனம் வருந்துகிறது.

இரண்டாவது செய்தியில் ஐயாவிடமிருந்து மாறுபடுகிறேன். செய்யுள் இயற்றும் பயிற்சியால் புலமைக்குப் பயன் இல்லை என்பது போல ஒரு தொனி அவர் பதிலில் வந்துவிட்டது. ஓலைச் சுவடியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அடி பிரிக்காமல் ஓலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுத்துகள் ஒரே ஓட்டமாகச் செல்லும். 'கொல' என்று தோன்றுவது 'கொல்' என்பதா, 'கோல்' என்பதா என்று எப்படி முடிவு செய்வது? பூச்சி அரித்த இடத்தில் போனது ஓரெழுத்தா, ஒரு சீரா என்று எப்படி அறிவது? பொருள் ஒரு துணை. மற்றொரு துணை யாப்பு. தளை தட்டினால் அங்கே பாடம் பிழைபட்டிருக்கிறது. எதுகை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றால் அடியைத் தவறாகப் பிரித்திருக்கிறோம். ஆயிரக்கணக்கான செய்யுள்களைக் கேட்டும் எழுதியும் பாடியும் பழகிய செவிக்கு இது கணக்குப் போடாமலே தெரியும். பிள்ளையவர்களிடம் அந்தாதியும் கலம்பகமும் பாடம் கேட்ட அந்த ஆண்டுகள் வீணாகப் போகவில்லை என்றே நான் நம்புகிறேன். அந்தச் செவி இல்லாதவர் சுவடியோடு எவ்வளவு காலம் போராடினாலும் பாட்டு வெளிவராது.

அம்மையீர், நீங்கள் செம்புலப் பெயனீரின் அழகை முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறீர்கள், மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அது கவிஞர் என்பதால் உங்களுக்கு வாய்த்தது. அந்த மாணவிக்கு அப்படி ஒரு கேள்வி எழுந்ததற்கும் நீங்கள் பாடலை அவள் மனத்துக்கு அவ்வளவு அருகில் கொண்டு சென்றதே காரணமாக இருக்கலாம். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

மறுமொழி 3
எழுதியவர்: முன்னாள் கல்லூரி முதல்வர்

நேர்காணல் மேசையின் மறுபக்கத்தில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் அல்லது விதிகளுக்கு உட்பட்ட முனைவர் பட்டமும் வேண்டும். கவிதை நூல் இவற்றுக்கு ஈடாகாது. இவற்றைக் கடந்து வந்த இருவரில் யாரைத் தெரிவு செய்வது என்னும்போதுதான் 'கவிஞர்' என்ற சொல் தராசின் தட்டை இழுக்கிறது. விழாவுக்குப் பேசுவார், கல்லூரியின் பெயர் செய்தித்தாளில் வரும் என்ற எண்ணம் அதில் உண்டு. நானும் அவ்வாறு ஒரு முறை முடிவு செய்து பின்னர் வருந்தியிருக்கிறேன். அதன் பிறகு வந்த நேர்காணல்களில், அங்கேயே ஒரு பாடலைக் கொடுத்துப் பத்து நிமிடம் படிக்க விட்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களை உட்கார வைத்து வகுப்பெடுக்கச் செய்தேன். பட்டமும் தொகுப்பும் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

இந்தச் சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் சீனர்கள். தாங் அரச மரபின் காலத்தில் அரசுப் பணிக்கான உயர்நிலைத் தேர்வில் கவிதை இயற்றுவது ஒரு பகுதியாக இருந்தது. கவிதை எழுதத் தெரிந்தால் அதிகாரியாகலாம். அவர்களுடைய ஆகப் பெருங்கவிஞர்களில் ஒருவரான தூ ஃபூ அந்தத் தேர்வில் தேறவில்லை. 747இல் அவர் மறுபடி எழுதியபோது தலைமை அமைச்சர் லீ லின்ஃபூ ஒருவரைக்கூடத் தேற விடவில்லை. பின்னர் சொங் மரபின் காலத்தில், 1071ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அமைச்சர் வாங் அன்ஷி தேர்விலிருந்து கவிதையை நீக்கினார். அவரே சிறந்த கவிஞர் என்பது கவனிக்கத்தக்கது. மற்றொரு பெருங்கவிஞரான சூ ஷி அதை எதிர்த்தார். ஆட்சிக்குக் கவிதை பயன்படாது என்றால் அதற்குப் பதிலாக வைக்கும் கட்டுரையும்தான் பயன்படாது, கவிதை எழுதித் தேறியவர்களில் எத்தனையோ நல்ல அமைச்சர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தமிழ்த் துறையைப் பொறுத்தவரை எனக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது: ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை எண்ணி மதிப்பெண் இடுவதும், கவிதை நூல்களை எண்ணி மதிப்பெண் இடுவதும் ஒரே தவறுதான். வெளியே விசுப்பலகையில் இருந்த அந்த அகநானூற்று ஆய்வாளரிடமும் ஒரு பாடலைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் பேசியதை வைத்துப் பார்த்தால் நன்றாகவே நடத்தியிருப்பார் என்று தோன்றுகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. முன்னாள் முதல்வர் ஐயா கடைசியாக எழுதியதைப் படித்தபின், அந்த ஆய்வாளருடைய எண்ணைத் தேடிப் பிடித்து நேற்று மாலை பேசினேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். அவர் வேறோர் ஊரில் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். 40ஆம் பாடலைப் பற்றிச் சொன்னதும், "முதல் மூன்று அடியும் கேள்வியாகத் தொடங்குவதைப் பாருங்கள். என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம் என்று அவள் மனத்தில் ஓடும் அச்சங்களையே அவன் எடுத்துச் சொல்கிறான். பிறகுதான் விடை வருகிறது" என்றார். இருபது ஆண்டுகளாக மனப்பாடமாக வைத்திருந்த பாடலை நான் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டது போல இருந்தது. அடுத்த மாதம் எங்கள் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வருமாறு அவரை அழைத்திருக்கிறேன். துறைத் தலைவரும் இசைந்திருக்கிறார்.

குறுந்தொகையை முதலிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எப்படிப் படிப்பது என்று குடந்தை ஐயா வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குடந்தை

மகிழ்ச்சி, அம்மா. மெய்ப்புத் திருத்துநர் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். செவியைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது என் குறைதான்.

ஐயர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடலை மட்டும் வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். அப்போது துறைக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சொல்பவர் யார், கேட்பவர் யார், அருகில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கையை எடுத்துப் பாருங்கள். ஒத்து வராத இடங்களில் உடனே உங்கள் கருத்தை விட்டுவிடாதீர்கள். துறைக் குறிப்பு பின்னால் வந்தவர்கள் எழுதியது என்பதால் அதனோடும் வாதிடலாம். அந்த மாணவியையும் உடன் வைத்துக்கொண்டு படிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் உள்ள தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று தொகுத்தவர்கள் குறித்து வைத்தார்கள். வகுப்பில் அதையும் சொல்லுங்கள்.